அடுத்த வீட்டுச் சுவரில் ஒரு கொடி

அந்த வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிற நேர்ஸ் நான். சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மேற்கே, மலைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிற இடம் வரைக்கும் அப்போது என்னுடைய பகுதி. ஒரு நாளைக்கு எட்டு வீடு, சில நாள் ஒன்பது. சில வீடுகளில் கதவு திறக்கவே பத்து நிமிடம் ஆகும்.

இந்த வீட்டில் ஆள் வாசலிலேயே நின்றார். எழுபது தாண்டிய, ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. சிட்னியிலிருந்து பேர்த் வரைக்கும், பாலைவனத்தின் ஓரமாக, பெட்டிக்குப் பின்னால் பெட்டி கொளுவிய நீண்ட லொறிகளை முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். சலரோகம், அதாவது நீரிழிவு. இடது கணுக்காலுக்கு மேலே ஐந்து மாதமாக ஆறாத புண். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் குயின்ஸ்லாந்தில். துணைக்கு ஒரு பெரிய நாய். எனக்கு நாய்க்குப் பயம் என்பதை நான் சொல்லாமலே முகத்தில் கண்டுபிடித்து, அதைப் பின்வளவுக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். அதன்பிறகு ஒருமுறைகூட அந்த நாயை நான் வீட்டுக்குள் காணவில்லை.

வீட்டின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. காலை வெயில் முழுக்க அங்கேதான் விழும். அவருடைய சாய்கதிரையும் அங்கேதான். கதிரைக்குப் பின்னால், கண்ணாடி இல்லாத ஒரே சுவரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி தொங்கியது. சிவப்புத் துணி. மூலைக்கு மூலை குறுக்காக ஓடும் இரண்டு நீலப் பட்டைகள். பட்டைகளில் வெள்ளை நட்சத்திரங்கள். காலில் புண் உள்ளவருக்கு மருந்து கட்டுவதென்றால் தரையில் முழங்கால் ஊன்றி இருந்துதான் கட்ட வேண்டும். நிமிர்ந்தால் முதலில் அவருடைய முகம், அதற்கு மேலே கொடி. ஏதோ விளையாட்டுக் குழுவின் கொடி என்று நினைத்தேன். இந்த நாட்டில் குழுக்களுக்குக் குறைவில்லை.

அது என்னவென்று எனக்குச் சொன்னவள் என் மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே போகத் தொடங்கிய முதல் கிழமை, ஒரு பின்னேரம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சிச் செய்தியில் அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊரைக் காட்டினார்கள். பழைய சிலை ஒன்றை அகற்றக் கூடாது என்று ஒரு கூட்டம், அகற்ற வேண்டும் என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தின் கைகளில் அதே சிவப்பும் நீலமும்.

"இது என்ர பேஷன்ட் ஒருத்தர் வீட்டில இருக்கு," என்றேன்.

மகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்?"

பிறகு அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பிரிந்துபோய்ச் சண்டை பிடித்தபோது தூக்கிய கொன்ஃபெடரேட் கொடி அது. அடிமைகளை வைத்திருக்கும் உரிமைக்காகப் பிரிந்தவர்கள். தோற்றுப்போன பிறகும், கறுப்பு மக்களைப் பயப்படுத்த வேண்டிய இடங்களிலெல்லாம் அது திரும்பத் திரும்ப வந்தது. தங்கள் பரம்பரைக்குச் செய்யும் மரியாதை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

"நீங்க அவரிட்ட ஒண்டும் கேக்கேல்லையா?"

"நான் புண்ணுக்கு மருந்து கட்டப் போறனான். கொடிக்கு இல்லை."

அந்தப் பதில் எனக்கு அப்போது நல்ல பதிலாகத்தான் பட்டது. மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

ஏழு மாதம் போனேன். கிழமைக்கு இரண்டு தரம். அந்த மனிதரோடு எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். எல்லாரையும் போல என்னையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் என்னுடைய நீளமான பெயரை முழுதாகச் சொல்லப் பழகிய ஒரே நோயாளியும் அவர்தான். இரண்டாம் கிழமை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தார். அடுத்த கிழமை சரியாகச் சொன்னார். பருவத்தில் எலுமிச்சம்பழம் பிடுங்கிப் பையில் கட்டி வாசலில் வைப்பார். அவரிடமிருந்து நிறத்தைப் பற்றியோ வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பற்றியோ ஒரு கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. அதனால் நிமிரும்போது கொடியைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். அப்படிப் பழகுவது அவ்வளவு கஷ்டமில்லை.

பிறகு எங்கள் அலுவலகத்தில் பகுதிகளை மாற்றிப் பிரித்தார்கள். எனக்குப் பரமட்டாப் பக்கம் வந்தது. என் பழைய வீடுகளைப் புதிதாகச் சேர்ந்த ஒரு நேர்ஸிடம் ஒப்படைக்க வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும். தென்சூடானில் பிறந்தவர், சிறுவயதில் கெய்ரோவில் சில வருடம் அகதியாகக் காத்திருந்து இங்கே வந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். உயரம். சிரித்தால் கார் முழுவதும் சிரிக்கும். முதல் இரண்டு நாள் என்னோடு எல்லா வீடுகளுக்கும் வந்தார். மூன்றாம் நாள் காலை லொறிக்காரர் வீடு.

காரில் போகும்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் அந்த மனிதரைப் பற்றிக் கோள் சொல்வதுபோல ஆகுமோ என்று ஒரு யோசனை. சொன்னால் இவ்வளவு நாளும் நீ ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாரோ என்று இன்னொரு யோசனை. உண்மையில் இரண்டாவதுதான் காரணம். அதற்குள் வீடு வந்துவிட்டது.

அவர் வாசலில் நின்று இருவரையும் வரவேற்றார். கண்ணாடி அறைக்குள் நான் முதலில் போனேன். எனக்குப் பின்னால் வந்த காலடிச் சத்தம் கதவடியில் ஒரு கணம் நின்றது. ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம்தான். பிறகு அவர் உள்ளே வந்து, பையைத் திறந்து, கையுறை போட்டு, முழங்காலில் இருந்தார். பழைய கட்டைப் பிரித்தார், புண்ணைக் கழுவினார், அளந்தார், பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் புதுக்கட்டை ஒரே சீராகச் சுற்றினார். என்னைவிட நன்றாகக் கட்டினார்.

"நீ எந்த ஊர், லவ்?" என்று லொறிக்காரர் கேட்டார்.

"பிளாக்டவுன்."

அது சிட்னியின் மேற்குப் புறநகர். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல பதில்."

நேர்ஸ் சிரிக்கவில்லை.

காரில் ஏறி நான் சாவியைப் போட்ட பிறகும் அவர் இருக்கைப்பட்டியைப் போடாமல் இருந்தார்.

"உனக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும்."

"எத்தனை மாதமாக?"

"ஏழு."

"அவரிடம் கேட்டாயா?"

"இல்லை."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தேவாலய வாசலுக்கு முன்னால் ஒரு யூட் வந்து நின்றதாம். பின்னால் தட்டு வைத்த அந்தச் சின்ன லொறியில் இதே கொடி கட்டியிருந்தது. மூன்று ஆண்கள் இறங்கி அதில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். பூசை முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 

"என்ன செய்தார்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்யவில்லை. ஒரு சொல் பேசவில்லை. அதனால் பொலிசிடம் சொல்லவும் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு என் அம்மா தனியாகத் தேவாலயத்துக்குப் போவதில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார்.

"இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. புண் யாருக்கும் வரும். ஆனால் கதவு திறக்க முதல் நீ எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நான் என் முகத்தை ஆயத்தப்படுத்தியிருப்பேன்."

அன்று பின்னேரம் மேலாளரிடம் போனோம். வீடு நோயாளியுடையது, சுவரில் எதை மாட்டுவது என்பதும் அவருடைய விருப்பம், ஆனால் நேர்ஸ் வரும் நேரத்தில் அதை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். கேட்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஏழு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். கட்டு முழுவதும் போட்டு முடித்து, கையுறையைக் கழற்றிய பிறகு எழும்பி நின்றுகொண்டு கேட்டேன். முழங்காலில் இருந்துகொண்டு கேட்கக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

"புது நேர்ஸ் வரும்போது இந்தக் கொடியை எடுத்துவைக்க முடியுமா? அவருக்கு இது வேறொரு அர்த்தம் தருகிறது."

அவர் கொடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அந்தப் பெண் முறைப்பாடு செய்தாளா?"

"இல்லை. நான்தான் கேட்கிறேன்."

"அது வெறுப்பு இல்லை, லவ். நான் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. என் நண்பன் ஒருவன் இருந்தான். இருபத்திரண்டு வருடம் ஒரே பாதையில் ஓடினோம். அவனுடைய லொறியின் முகப்பில் இது இருந்தது. அந்தக் காலத்தில் பாதி லொறிகளில் இருந்தது. பாட்டு, வானொலி, தூரப் பாதை, யாருக்கும் தலைகுனியாத ஆள் என்று காட்டுவது, அவ்வளவுதான். நல்லபோரில் அவன் வண்டி புரண்டு செத்தபோது அவன் மனைவி இதை என்னிடம் தந்தாள். சுவரில் இருப்பது அவன்தான்."

நல்லபோர் என்பது மரமே இல்லாத அந்த நீண்ட சமவெளி. அவர் அதை ஒரு உறவினரின் பெயர்போலச் சொன்னார்.  அவரே தொடர்ந்தார்.

"நான் அவளிடம் மரியாதை இல்லாமல் பேசினேனா? உன்னிடம்?"

"இல்லை. ஒருநாளும் இல்லை."

"பிறகு? இது தோற்றவர்களின் கொடி. பெரிய அரசாங்கத்தோடு மோதித் தோற்றவர்கள். மற்றவர்களைவிட உனக்குத்தானே இது விளங்க வேண்டும். உன் காரிலும் ஒன்று ஒட்டியிருந்ததே."

ஒரு கிழமை அலுவலகக் கார் திருத்தத்துக்குப் போனபோது எங்கள் சொந்தக் காரில் வந்திருந்தேன். அதன் பின்கண்ணாடியில் என் கணவர் ஒட்டிய எங்கள் ஈழப் போராட்டக் கொடி, உள்ளங்கை அளவில், இருந்தது. லொறிக்காரர் அதை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார்.

"குண்டு வைத்தவர்கள் என்றும் போட்டிருந்தது, விடுதலைக்காகப் போராடியவர்கள் என்றும் போட்டிருந்தது," என்றார். "நான் உன்னிடம் கேட்கவில்லை. நீ நல்ல மனுசி, உனக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அசைத்தது. வாசலில் இருந்த எலுமிச்சம்பழப் பையை எடுக்காமல் கார்வரை வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்து பையைக் கையில் தந்தார்.

"கொடி இறங்காது," என்றார். "அவள் வரமாட்டாள் என்றால் வேறு யாரையாவது அனுப்பு."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுவும் இதுவும் ஒண்டெண்டோ நீர் சொல்லுறீர்?"

"நான் சொல்லேல்லை. அவர் சொன்னவர்."

"அவங்கள் அடிமையை வைச்சிருக்க ஏலாமப் போகுமெண்டு பிரிஞ்சவங்கள். நாங்கள் அடிமையா இருக்க ஏலாதெண்டு பிரியக் கேட்டனாங்கள். இதைக் கூடவோ அந்த மனுசனுக்குச் சொல்லத் தெரியேல்லை உமக்கு?"

அது சரியான பதில். அந்தக் கண்ணாடி அறையில் எனக்கு வந்திருக்க வேண்டிய பதில். ஏன் வரவில்லை என்று காரில் வரும்போதே யோசித்திருந்தேன்.

"நீங்கள் சொல்லுறது சரி," என்றேன். "எனக்கும் உங்களுக்கும் அது தெரியும். முன்வீட்டு மனுசிக்குத் தெரியுமோ?"

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சிங்களக் குடும்பம். ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார்கள். அந்த அம்மா என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை 'அக்கா' என்று கூப்பிடுவார். சிங்களத்திலும் அக்கா அக்காதான். சித்திரைப் புதுவருடத்துக்கு அவர்கள் கொக்கிஸ் பலகாரம் தருவார்கள், தீபாவளிக்கு நாங்கள் முறுக்குக் கொடுப்போம். வெளியூர் போனால் தபால்பெட்டியைப் பார்த்துக்கொள்வோம். ஊரைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

"தெரியாட்டிக் கேக்கட்டும்," என்றார் கணவர்.

"அவ கேக்கேல்லை. நாங்களும் சொல்லேல்லை. ஒன்பது வருசம்."

"எங்கட செத்த பிள்ளையளுக்கு விளக்கு வைக்கிற இடத்தில பிடிக்கிற கொடி அது. அதுக்கு நான் ஆரிட்டையும் அனுமதி கேக்கத் தேவையில்லை."

"அனுமதி எண்டு நான் சொல்லேல்லை."

அவருடைய அண்ணாவின் மகன் அந்தக் கொடியில் சுற்றப்பட்டுத்தான் புதைக்கப்பட்டான். அது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவரோடு கதைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் கத்தியை எடுத்து மிச்ச மரக்கறியை வெட்டினார். மரக்கறி அன்று மிகவும் சின்னதாக வெட்டுப்பட்டிருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. முன்வீட்டு அம்மா வாசலில் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். நான் தெருவைக் கடந்து போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாது. வேலையிடத்தில் நடந்ததை, ஆளையும் இடத்தையும் சொல்லாமல், சொல்லத் தொடங்கினேன். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார். முடிவில், எங்கள் கார்க் கண்ணாடியில் இருப்பதைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"கண்டிருக்கிறேன், அக்கா."

ஒரு சாடியை நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். அவருடைய மூத்த அண்ணன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்தவர். வேலைக்குப் போன பஸ்ஸில் குண்டு வெடித்தது. உடலை அடையாளம் காட்டப் போனது இவர்தான், பதினேழு வயதில். 

"ஒவ்வொரு கார்த்திகையும் உங்கள் நினைவுநாளில் உங்கள் வீட்டுக்காரர் பெரிய கொடியைக் காரில் வைத்துக்கொண்டு போவார். அன்றைக்கு நான் முன்னறையின் திரையை மூடிவிடுவேன். உங்கள் மேல் கோபம் இல்லை. உங்களுக்குச் செத்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் பார்க்க முடியாது."

 சொல்லலாமா என்று யோசித்து, சொன்னேன். சில வருடங்களுக்கு முன் இலங்கைக் குழு கிரிக்கெட் விளையாட வந்தபோது அவருடைய மகன்கள் மூன்று நாள் மேல்மாடியில் சிங்கக்கொடியைக் கட்டியிருந்தார்கள். முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு துள்ளினார்கள். சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு அது விளையாட்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தலையை நிமிர்த்தாமல்தான் காரில் ஏறினேன். என் தம்பியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன சோதனைச்சாவடியில் அந்தக் கொடிதான் பறந்தது. பதினொரு நாள் கழித்து அவன் திரும்பி வந்தான். அந்தப் பதினொரு நாளைப் பற்றி இன்றுவரை யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை.

"அந்த மூன்று நாளும் நானும் திரையை மூடித்தான் வைத்திருந்தேன்," என்றேன்.

அவர் என் கையைப் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். 

"நீங்கள் ஏன் சொல்லவில்லை?"

 அவர் திரும்பவும் குழாயைத் திறந்தார். நான் வீட்டுக்கு வந்தேன்.

அன்று முழுக்க எனக்கு ஒன்று புரிந்தும் புரியாமலும் இருந்தது. கொடி பிடிக்கிறவன் தன் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்பது அவனுக்கு உண்மை. லொறிக்காரருக்கு அது செத்துப்போன நண்பன்தான், நான் அதை நம்புகிறேன். ஆனால் எதிரே வருகிறவளின் உடம்பு அதைக் கேட்டுவிட்டு நடுங்குவதில்லை. அதற்குத் தெரிந்ததைக் கொண்டுதான் அது நடுங்கும். இதனால் எல்லாக் கொடியும் ஒன்றே என்று ஆகிவிடாது. மனிதரை விற்று வாங்குவதற்காகத் தைத்த கொடிக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது, என் கணவர் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் பக்கத்து நியாயம் பெரிதாக இருந்தாலும், பதினேழு வயதில் அடையாளம் காட்டப் போனவருக்கு அது எந்த வகையில் உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை புதிய நேர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். லொறிக்காரர் மறுத்துவிட்டார், கொடி இறங்காது, வேறு ஆளைப் போடச் சொல்லலாம் என்றேன்.

"வேண்டாம்," என்றார். "அவருக்காக நான் என் வேலையைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு நீயும் வா. அதன்பிறகு தனியாகப் போகிறேன்."

செவ்வாய்க்கிழமை லொறிக்காரர் வாசலில் நிற்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "குசினிக்குள் வாருங்கள்." போனோம். அவர் ஒரு கதிரையில் இருந்துகொண்டு காலை இன்னொரு கதிரையில் நீட்டி, கீழே துவாய் விரித்து வைத்திருந்தார். சமையல் மேசையில் சூடான தண்ணீர், சவர்க்காரம். மேல் வெளிச்சம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, படுக்கையறை விளக்கொன்றை இழுத்துவந்து மேசையில் வைத்திருந்தார். கண்ணாடி அறைக் கதவு பூட்டியிருந்தது.

 உயரமான கதிரையில் கால் இருந்ததால் அன்றைக்கு முழங்காலில் இருக்கத் தேவைப்படவில்லை. நேர்ஸ் எதிரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து கட்டினார். இருவருடைய தலைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. அவர் தன் நண்பனைப் பற்றிச் சொல்லவில்லை. இவர் தேவாலயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நாய்க்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்டார்.

காரில் நான் கேட்டேன், "இது போதுமா?"

"போதாது," என்றார். "கதவைத்தான் பூட்டினார். கொடி உள்ளேதான் இருக்கிறது." பட்டியைப் போட்டார். "ஆனால் வெயில் விழுகிற அறையை விட்டுவிட்டு அந்த இருட்டுக் குசினிக்குள் வந்து இருந்தார். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்."

அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. நாலு மாதம் கழித்துப் புண் மூடிவிட்டது என்று அலுவலகத்தில் அந்த நேர்ஸ் சொன்னார். கடைசி நாள் போனபோது, உங்கள் கொடியைப் பார்க்கலாமா என்று தானே கேட்டாராம். லொறிக்காரர் தயங்கிக் கதவைத் திறந்தார். அதன் முன்னால் நின்று அவர் நண்பனைப் பற்றிச் சொன்னார். இவர் அந்த மூன்று ஆண்களைப் பற்றிச் சொன்னார்.

"அதற்கு அவர் என்ன சொன்னார்?"

"கொடியின் ஓரத்தை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். நண்பனைச் சொன்னார். நான், நம்புகிறேன், ஆனால் அந்த மூன்று பேரும் அவனுடைய கொடியைத்தானே பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றேன்."

"இறக்கினாரா?"

"இல்லை. தேநீருக்குக் கெட்டிலைப் போட்டார்."

அந்த வருடம் கார்த்திகை வந்தது. கணவர் வழக்கம்போலப் பெரிய கொடியை எடுத்து இஸ்திரி போட்டார். போக வேண்டாம் என்றோ கொடியை விட்டுவிட்டு வாருங்கள் என்றோ நான் சொல்லவில்லை. தன் அண்ணாவின் மகனுக்கு அவர் விளக்கு வைக்க வேண்டும், எனக்கும் வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம் தெருவைக் கடந்து போகப் புறப்பட்டேன். எங்கே என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"நான் வரேல்லை," என்றார். "நீர் போட்டு வாரும். ஆனா ஒண்டு சொல்லும். அது அவவின்ர அண்ணாவுக்கு எதிராப் பிடிக்கிறதில்லை எண்டு சொல்லும்."

முன்வீட்டு அம்மா கதவைத் திறந்தார். நாளைக்குக் காலை போகிறோம், கொடியும் இருக்கும் என்றேன். கணவர் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அவர் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றார். 

"நான் திரையை மூடத்தான் செய்வேன், அக்கா. அவரிடம் அதைச் சொல்லுங்கள்."

"சொல்லுறன்," என்று என்னை அறியாமலே தமிழில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். அந்தக் கிழமை எங்கள் தெருவில் நிலத்தடிக் குழாய் மாற்றுகிறார்கள், நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரியுமா என்று கேட்டார். ஒன்பது மணி என்று கடிதம் வந்தது என்றேன். அப்படியென்றால் விடியவே உடுப்புத் தோய்க்க வேண்டும் என்றார்.